ஏவால்ட் அத்தான் ஏறாத கப்பல்

ஏவால்ட் அத்தானை அடக்கம் செய்த அன்று, கடற்படைச் சங்கத்துக்காரர்கள் ஒரு மலர்வளையம் கொண்டுவந்து சவப்பெட்டிமேல் வைத்தார்கள். அதில் நீல நாடா. நாடாவில் தங்க எழுத்தில் 'வில்ஹெல்ம் ஹைட்காம்ப்' என்று ஒரு போர்க்கப்பலின் பெயர். அந்தக் கப்பலில் அத்தான் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. அங்கே நின்ற எண்பது பேரில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி கேஸ்கே. இன்னொருத்தி நான். இப்போது கேஸ்கேயும் போய்விட்டாள். அதனால் சொல்கிறேன்.

என் அம்மாவுடன் பிறந்தவர்கள் நான்கு பெண்கள். மூத்தவள் ஓக்கா, எனக்குப் பெரியம்மா. அவளை இறால் பிடிக்கிற ஹார்முக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருடம் அக்டோபர் புயலில் அவர் படகோடு போய்விட்டார். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் என்னோ, அடுத்தவள் கேஸ்கே. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகும் என்னோ கடற்படையில்தான் சேர்ந்தான். எங்கள் கடற்கரை ஊரான விட்டர்சீலில் பையன்களுக்கு வேறு யோசனை வராது. நாற்பதாம் வருடம் ஏப்ரல் பத்தாம் தேதி, நார்வேயில் நார்விக் என்கிற ஊரின் கடற்கழியில், விடியும் நேரத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது அவன் கப்பல் அடிபட்டது. வந்த கடிதத்தில் நான்கு வரி. 'கடமையில் உயிர் நீத்தார்' என்று ஒரு வரி. எப்படி என்று ஒரு வார்த்தையும் இல்லை. பெரியம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

ஏவால்ட் வந்தது நாற்பத்தேழு பிப்ரவரியில். அந்தக் குளிரில் மதகுக்கு வெளியே கடலே உறைந்து கிடந்தது. கிழக்கே பொமரேனியாவிலிருந்து ஓடிவந்தவர்களை வீட்டுக்கு இத்தனை பேர் என்று அலுவலகத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா வீட்டுக்கு இவர். வயது இருபத்தாறு. சொந்தம் என்று ஒரு ஆள் மிச்சமில்லை. பனியில் விறைத்து, வலது காலில் இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. மாட்டுக்கொட்டகைக்கு மேலே வைக்கோல் பரணில் இடம் கொடுத்தாள். பத்து நாள்கூட ஆகவில்லை, அலுவலகத்துக்குப் போய், "என்னால முடியாது, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை வண்டி வரும், பழைய விமானத்தளத்து முகாமுக்குக் கொண்டுபோவோம் என்றார்கள். அந்த மாதம் முகாமிலிருந்து வாரத்துக்கு நான்கைந்து பெட்டி கல்லறைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது பெரியம்மாவுக்கும் தெரியும்.

அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. போகிறவன் கிழிந்த கோட்டோடு போகக் கூடாது என்று, சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுத் தைக்கச் சொன்னாள். எனக்கு அப்போது பதினேழு. உள்துணியைப் பிரித்தபோது விரலில் கடினமாக ஒன்று இடித்தது. அழுக்குத் துணியில் சுற்றிய பதக்கம். சுற்றிலும் கருவேல இலை வளையம். மேலே கழுகு, அதன் காலடியில் ஸ்வஸ்திகா. அந்த நாளில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அதைப் பார்த்தால் வீட்டையே கவிழ்த்துத் தேடுவார்கள். ஆனால் பெரியம்மாவின் கண் ஸ்வஸ்திகாவில் நிற்கவில்லை. வளையத்துக்கு நடுவே ஒரு போர்க்கப்பல் அலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதன் மூக்கு இலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"டெட்டா, ஓடிப்போய் வாத்தியாரைக் கூட்டிட்டு வா" என்றாள்.

டீர்க்ஸ் வாத்தியார் பக்கத்து வீடு. போர்க்கப்பல் என்றால் அவருக்குப் பைத்தியம். தானே ஒரு நாள்கூடக் கடலில் போனதில்லை, அலையைப் பார்த்தாலே குமட்டும். பத்திரிகையில் வந்த கப்பல் படங்களையெல்லாம் வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். நோட்டும் பூதக்கண்ணாடியுமாக வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"நாசகாரிக் கப்பல். அது சரி. எது?" என்று அவரே கேட்டுக்கொண்டார். "ரெண்டு புகைக்கூண்டு. மூக்கப் பாரு ஓக்கா, சாய்ஞ்சு முன்னால தள்ளியிருக்கு. அந்த வரிசையில இப்படிச் சாய்ஞ்ச மூக்கு வெச்சதே மூணுதான்."

"மூணுல எது, வாத்தியாரே?"

"பொறு, பொறு. அவசரப்பட்டா கப்பல் ஓடிடுமா?" நோட்டைப் புரட்டினார். ஒரு படத்தில் விரல் நின்றது. பதக்கத்தை அதன்மேல் வைத்தார். அதே சாய்வு, அதே கோணம், மூக்கடியில் அதே அலை. படத்தில் மட்டும் பக்கவாட்டில் பெரிதாக இருபத்தொன்று என்று எண் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓக்கா... இது வேற எதுவும் இல்ல, 'வில்ஹெல்ம் ஹைட்காம்ப்'. இது நம்ம என்னோ இருந்த கப்பல்."

கப்பலை அடையாளம் கண்டுபிடித்ததில் வாத்தியார் தவறவில்லை. பிற்பாடு எத்தனையோ பேர் அதே பெயரைத்தான் சொன்னார்கள். தவறு அடுத்த வார்த்தையில் நடந்தது. "அப்ப மேல இருக்கிற ஆளு அந்தக் கப்பல்காரன்" என்றார் வாத்தியார். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இங்கே ஒவ்வொருவன் தொப்பியிலும் அவனவன் படகின் பெயர்தான் இருக்கும். ஒருவன் கல்லறைக் கல்லில் ஒரு கப்பலைச் செதுக்கினால், அது அவன் ஓட்டிய கப்பல்தான். ஏறாத கப்பலை எவனாவது நெஞ்சில் குத்திக்கொள்வானா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைக் கீழே, தேநீருக்குக் கூப்பிட்டாள் பெரியம்மா. அவர் முதன்முதலாக அந்த வீட்டு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கோப்பையில் ஒரு கற்கண்டைப் போட்டு, கொதிக்கிற தேநீரை அதன்மேல் ஊற்றினாள். கற்கண்டு படக்கென்று வெடித்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்களுக்குச் சிரிப்பு.

எங்கள் பக்கத்து வழக்கம் இது: விருந்தாளி போதும் என்று வாயால் சொல்ல மாட்டார். கரண்டியைத் தட்டிலிருந்து எடுத்துக் கோப்பைக்குள் வைப்பார். அதுவரைக்கும் வீட்டுக்காரி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பொமரேனியாக்காரருக்கு இது எப்படித் தெரியும்? அவர் கோப்பையைக் காலிசெய்து மரியாதையாகக் கரண்டியைத் தட்டிலேயே வைத்தார். பெரியம்மா ஊற்றினாள். மறுபடி குடித்தார், மறுபடி ஊற்றினாள். தேயிலைக்கு அத்தனை பஞ்சமான காலம், கிறிஸ்துமஸிலிருந்து பொத்திப் பொத்தி வைத்த தேயிலை. ஐந்தாவது கோப்பையில் கேஸ்கே என் காதில், "இவன் ஆளா, மதகா?" என்றாள்.

பெரியம்மா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறான் என்று நினைத்தாள். ஏழாவது கோப்பையில் பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் முகம் வெளுத்தது.

"பயப்படாதே தம்பி. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். இந்தக் கப்பல் எதுன்னு எங்களுக்குத் தெரியும். என் பையன் என்னோ இதுலதான் இருந்தான்."

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். 

"நார்விக் தானே?" என்று வாத்தியார் முன்னால் சாய்ந்தார். "பத்தாம் தேதி காலையில?"

"நான் வந்து..." என்று தொடங்கினார் அத்தான்.

"கேள்வி மேல கேள்வி கேக்காதீங்க வாத்தியாரே, பிள்ளைக்கு மூச்சு முட்டுது பாருங்க" என்றாள் பெரியம்மா. எட்டாவது கோப்பையை ஊற்றினாள். கொஞ்சம் தட்டில் சிந்தியது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும், தம்பி. அவன் கஷ்டப்பட்டானா?"

ஜன்னலுக்கு வெளியே பனி. மறுநாள் திங்கட்கிழமை. முகாம் வண்டி வரப்போவது அவருக்குத் தெரியும். ஒன்பதாவது கோப்பையையும் அவர் குடித்து முடித்தார். பிறகு குனிந்தபடியே, "தூங்கிட்டு இருந்தான், அம்மா" என்றார்.

பெரியம்மா ஏழு வருடமாக அழாதவள், மேசையில் தலையை வைத்து அழுதாள். திங்கட்கிழமை வந்த வண்டிக்காரனைப் படலுக்கு வெளியே நிறுத்தி, "இங்க அனுப்ப யாருமில்ல. என் பையனோட கூட்டாளி என் வீட்லதான் இருப்பான்" என்று திருப்பி அனுப்பினாள்.

அவரை என்னோவின் அறையில், என்னோவின் கட்டிலில் படுக்கவைத்தாள். கால் ஆறியது. எங்கள் சித்தப்பா எய்லெர்ட், கிழக்கே இருந்து வந்தவனைப் பார்த்தாலே காறித் துப்புகிறவர், இவரைத் தன் இறால் படகில் சேர்த்துக்கொண்டார். மற்ற அகதிகளைத் தேவாலயத்தில் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். இவருக்குப் பெரியம்மா பக்கத்தில் இடம். எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது. ஆனால் அவர் கதவைத் திறக்கிறபோது பாருங்கள், ஒவ்வொரு முறையும் நிலைப்படியில் ஒரு நொடி நிற்பார். யாரோ உள்ளே அவரைப் பிடிக்கக் காத்திருப்பதுபோல.

நாற்பத்தொன்பதில் கேஸ்கேயைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நாற்பதாம் வருடம் ஏப்ரலில் அவர் வேறொரு நாசகாரியில் சமையல்காரனுக்கு உதவியாள். அந்தக் கப்பல் பழுதாகித் துறையில் கிடந்தது. அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நார்விக் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

கேஸ்கே இதை என்னிடம் சொன்னபோது நான், "பெரியம்மாகிட்ட சொல்லிடச் சொல்லு" என்றேன்.

"சொன்னா கல்யாணம் நடக்குமாடி? முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

முடிந்தது. பிறகு, "வயித்துல பிள்ளை இருக்கு, இப்ப வேண்டாம்" என்றாள். பிள்ளை பிறந்ததும் அதற்கு என்னோ என்றே பெரியம்மா பெயர் வைத்தாள். அதன்பின் கேஸ்கே அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒவ்வொரு ஏப்ரல் பத்தும் வரும். அன்று பெரியம்மா அத்தானைக் கடலுக்குப் போகவிட மாட்டாள். மதியம் நல்ல கோப்பைகளை எடுத்துவைத்து, தேநீர் ஊற்றி, "சொல்லு மாப்பிள்ளை" என்பாள். முதல் வருடம் 'தூங்கிட்டு இருந்தான்' போதுமாக இருந்தது. அடுத்த வருடம் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான் என்று கேட்டாள். அதற்கடுத்த வருடம் முந்தின நாள் என்ன சாப்பிட்டான் என்றாள். அத்தான் வாத்தியார் வீட்டுக்குப் போய், அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, கப்பலில் எது எங்கே இருக்கிறது என்று படித்தார். தான் ஏறாத கப்பலின் ஏணிப்படிகளை மனப்பாடம் செய்தார். வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "பழைய கப்பலை மறக்க முடியல பாரு ஏவால்டுக்கு!" என்று ஊரெல்லாம் சொன்னார். ஏப்ரல் நெருங்கினால் அத்தானுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு வருடம் வேண்டுமென்றே வலைச் சுருளில் கையைக் கொடுத்து நசுக்கிக்கொண்டார், ஆஸ்பத்திரியில் படுக்கலாம் என்று. பெரியம்மா தேநீர்க் கூஜாவைக் கம்பளித் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

ஐம்பத்தேழில் சட்டம் வந்தது, பழைய பதக்கங்களை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம் என்று. வாத்தியார் புதிதாகச் செய்த ஒன்றை வரவழைத்து அத்தானுக்குப் பரிசாகக் கொடுத்தார். கழுகு இல்லை, ஸ்வஸ்திகா இல்லை. கப்பல் மட்டும் அப்படியே. நவம்பரில் போரில் செத்தவர்களை நினைக்கிற ஞாயிற்றுக்கிழமை அதைக் குத்திக்கொள்ள வேண்டும் என்றார். அதோடு நிற்காமல் கடற்படைச் சங்கத்துக்கு எழுதிப்போட்டு, அந்தக் கப்பலில் பிழைத்த ஒருவரை வரவழைத்தார். பெயர் லூடர். பிரேமர்ஹாஃபன்காரர். "ஏவால்டுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல" என்று தேவாலய வாசலில் வைத்துத்தான் சொன்னார்.

நான் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் கடலணைப் பக்கம் திரும்பினார். ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். ஓடுவதற்கு எங்கே இருக்கிறது? அந்தப் பக்கம் சேறு, இந்தப் பக்கம் மாமியார் வீடு.

மதியம் தேநீர் மேசையில் பெரியம்மா, வாத்தியார், கேஸ்கே, நான், அத்தான். எதிரே லூடர். பெரிய உடம்பு, இடது காதில் பாதி இல்லை. அத்தானின் நெஞ்சில் இருந்ததைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"எந்தப் பிரிவு?" என்றார்.

"அடுப்படி" என்றார் அத்தான். அது ஒன்றுதான் அவர் பொய்யில்லாமல் சொல்லக்கூடியது.

"ஓ. அப்ப கிழட்டு ஹைனேக்குக் கீழ. அவன் கை வெச்ச சூப்பு ஞாபகம் இருக்கா?"

அத்தான் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.  கேஸ்கே என் கையை மேசைக்கடியில் நகம் பதியப் பிடித்தாள். லூடர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கும் புரிந்தது.

பெரியம்மா ஒன்றும் கவனிக்கவில்லை. கோப்பையை நிரப்பியபடி, "ஐயா, எங்க மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்கு உசுரு தங்குச்சு. என் பையன் தூக்கத்துலயே போயிட்டான்னு. நீங்களும் பாத்திருப்பீங்களே, எங்க என்னோவை? உயரமா இருப்பான், வெளுத்த முடி" என்றாள்.

லூடரின் கோப்பை பாதி வழியில் நின்றது.  அத்தான் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார், எழுந்து சொல்லிவிடப் போகிறவர்போல. "அத்தை, நான்..."

"தெரியும்மா, என்னோவைத் தெரியும்" என்று லூடர் குறுக்கிட்டார். "மாப்பிள்ளை சொன்னது சரிதான். தூங்கிட்டுத்தான் இருந்தான்." கரண்டியை எடுத்துத் தன் கோப்பைக்குள் வைத்தார்.

மாலைப் பேருந்துக்கு லூடரைக் கூட்டிக்கொண்டு அத்தான் நடந்தார். என் புகுந்த வீடு அடுத்த ஊர் என்பதால் நானும் அதே பேருந்துக்கு. கடலணைமேல் காற்று அடித்து வீசியது. கொஞ்ச தூரம் போனதும் லூடர் நின்றார்.

"என்ன கப்பல்டா நீ?"

அத்தான் சொன்னார்.

"துறையில உருளைக்கிழங்கு உரிச்சவனா!" லூடர் சத்தமாகச் சிரித்தார். "பேட்ஜ்ல இருக்கிற கப்பலை வெச்சு ஆளைப் பிடிச்சாங்களா இவங்க? அட மடையனுங்களா! நாசகாரில இருந்த எல்லாருக்கும் ஒரே பேட்ஜ்தான். அதுவும் எங்க கப்பல் முழுகி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் அதை உண்டாக்கினாங்க. அதுல செத்தவன் ஒருத்தன்கூட அதைக் கண்ணால பாத்ததில்ல."

"இன்னைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன்" என்றார் அத்தான். "நீங்கதான் தடுத்துட்டீங்க."

"உனக்காக ஒண்ணும் செய்யல. அந்தப் பொம்பளைக்காக." லூடர் கழுத்துத் துணியை இழுத்துச் சுற்றினார். "நீ சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்கிட்டத்தானே வரும்? என்னோ தூங்கல. கப்பலோட பின்பக்கம் கிழிஞ்சு போச்சு, அவன் முன்னாடிதான் இருந்தான். கீறல்கூட இல்லாம மேல வந்துட்டான். பக்கத்துல நின்ன கப்பலுக்குத் தாண்டணும், அவ்வளவுதான். அவங்கிட்ட ஒரு புகையிலை டப்பா இருந்துச்சு. உள்ள பூரா கற்கண்டு. அம்மா அனுப்புவாங்க. காவல்ல நிக்கிறவனுக்கு ஒரு துண்டு கொடுத்துட்டு, அது டீயில வெடிக்கிற சத்தத்தைக் கேக்கணும்னு காதைக் கிட்ட கொண்டு வருவான். பைத்தியக்காரன். 'டப்பாவை எடுத்துட்டு வந்துடறேன்'னு கீழ இறங்கினான். கீழ புகை. நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன். வரல."

பேருந்தின் விளக்கு தூரத்தில் தெரிந்தது.

"இப்ப உனக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றார் லூடர். "நீயே வெச்சுக்கோ. எனக்குப் பதினேழு வருஷம் போதும்."

பேருந்தில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அத்தான் கடலணைமேல் அதே இடத்தில் நின்றார். அதுவரை அவர் சொன்னது பொய் என்பதால் வெளியே வர ஒரு வழி இருந்தது, உண்மையைச் சொல்வது. இப்போது அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டார் லூடர். மகனுக்கு ஆசையாக அனுப்பிய கற்கண்டுதான் அவனைக் கீழே இழுத்தது என்று எந்த வாயால் ஒரு தாயிடம் சொல்வது?

அடுத்த ஏப்ரல் பத்துக்கு நான் வேண்டுமென்றே போனேன். கேஸ்கேக்குத் துணை வேண்டும் என்று தோன்றியது. நல்ல கோப்பைகள் வந்தன. கற்கண்டு விழுந்தது. தேநீர் ஊற்றியதும் வெடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அத்தானுக்கு, பதினோரு வருடத்துக்கு முன்னால் போலவே தூக்கிவாரிப்போட்டது.

"சொல்லு மாப்பிள்ளை" என்றாள் பெரியம்மா.

அத்தான் வழக்கமாகச் சொல்கிற படுக்கை, ஏணி, முந்தின நாள் சூப்பு எதையும் எடுக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டு, "ஒரு புகையிலை டப்பா வெச்சிருந்தான், அத்தை. நீங்க அனுப்பின கற்கண்டு அதுல இருக்கும். காவலுக்கு நிக்கிறவங்களுக்குக் கொடுப்பான். கொடுத்துட்டு, வெடிக்கிறதைக் கேக்க காதைக் கோப்பைகிட்ட கொண்டு வருவான்" என்றார்.

பெரியம்மாவின் கை கூஜாவின் பிடியிலேயே நின்றது. சின்ன வயதில் என்னோ அப்படிச் செய்து காதில் சூடு பட்டுக்கொண்டது வீட்டிலுள்ளவர்களுக்குத்தான் தெரியும். அத்தானுக்கு அதை யாரும் சொன்னதில்லை.

"பதினோரு வருஷமாச் சொல்றே" என்றாள் பெரியம்மா மெதுவாக. "இன்னைக்குத்தான் என் பையனைப் பத்திச் சொல்றே."

 பெரியம்மா அதற்குமேல் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அப்புறம்? அந்த டப்பா என்ன ஆச்சு?"

அத்தானின் உதடு அசைந்தது.  அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரியம்மா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், வெகுநேரம். பிறகு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவருடைய தட்டிலிருந்த கரண்டியை எடுத்து, அவருடைய கோப்பைக்குள் வைத்தாள். ஒரு விருந்தாளியின் கரண்டியை வீட்டுக்காரி தொட்டு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"போதும், மாப்பிள்ளை" என்றாள். "போய்ப் படகைப் பாரு."

அத்தான் எழுந்தார். நிலைப்படியில் எப்போதும்போல ஒரு நொடி நின்றுவிட்டு, வெளியே போனார். கோப்பையில் தேநீர் அப்படியே இருந்தது. அடியில் கற்கண்டு பாதி கரையாமல் கிடந்தது.